ரசத்தில் கரைத்த மாத்திரை

பிள்ளைக்குத் தெரியாமல் மருந்தை ரசத்திலோ காபியிலோ கலந்து கொடுப்பதைச் சொல்ல வரும்போது பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். இது அரிதான வழக்கமன்று. சென்னை ஸ்கார்ஃப் நிறுவன ஆய்வாளர்கள் 2002-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியுள்ளனர். பாத்திரத்தை நீட்டும் கை தாயினுடையதாயினும், கலப்பதற்கு எளிதென்று திரவ மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவர்களும் இதற்கு உடந்தையே.

பெற்றோரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வீட்டார் தன்னை வேவு பார்க்கின்றனர் என்று சன்னலெங்கும் செய்தித்தாள் ஒட்டி, குளிக்காமல் உறங்காமல் அறைக்குள் கிடக்கும் இருபத்தைந்து வயது மகனை வீட்டில் விட்டுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்டுக்குப் போகும் தந்தைக்குப் பொறுமையை உபதேசிப்பது எவருக்கும் எளிது. எனினும், இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பதே என் கருத்து.

உணவில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற ஐயம் மனச்சிதைவு நோயில் அடிக்கடி தலைதூக்குவது. அந்த ஐயமுள்ள பிள்ளை ஒருநாள் தட்டின் அடியில் கரையாத துகளைக் கண்டுவிட்டால், அவன் பயந்தது மெய்யாகிவிடுகிறது. பிறகு வீட்டுச் சோற்றையே தொடமாட்டான். மருந்தும் திடீரென நின்றுபோகும். அவன் அரைத்தட்டு உண்டால் எவ்வளவு மருந்து உள்ளே சென்றது என்பது எவருக்கும் தெரியாது. சில மருந்துகளால் உடல் எடையும் சர்க்கரையும் ஏறும். அவற்றைக் கண்காணிக்க இரத்தப் பரிசோதனை தேவை. மருந்தே உண்ணவில்லை என்று நம்புபவனிடம் எதைச் சொல்லி இரத்தம் எடுப்பது?

இப்போது கலந்து கொடுப்பவர்கள் நாளையே நிறுத்திவிட வேண்டாம். முதலில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் வந்து பேசலாம். அவனை அவன் போக்கில் விட்டுவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. சென்னையில் நடந்து 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்டறியப்பட்ட 261 மனச்சிதைவு நோயாளிகளுள் 75 பேர் அதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள்.

‘உனக்கு நோய்’ என்று வாதிடுவதால் பயனில்லை. தன் நோயைத் தானே உணர முடியாமை இந்நோயின் ஒரு கூறு, அது பிடிவாதமன்று. அமெரிக்க உளவியலாளர் சேவியர் அமடோர், நோயுற்ற தம் அண்ணனிடம் ஆண்டுக்கணக்கில் வாதிட்டுத் தோற்ற பிறகே இதை உணர்ந்து நூலாக எழுதினார்.

மறுப்புக்கு இன்னொரு காரணம் நம் பேச்சில் இருக்கிறது. ‘கீழ்ப்பாக்கம்’ என்பது சென்னையில் வெறும் இடப்பெயராக ஒலிப்பதில்லை. 1794-இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனையை வைத்து வகுப்பறையிலும் பேருந்திலும் கேலி பேசிப் பழகியவர்கள் நாம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையைத்தான், ‘ஒருமுறை வந்து பார்’ என்று இன்று கெஞ்சுகிறோம்.

ஆகவே நோயின் பெயரை விட்டுவிட்டு, அவனுக்கே தொல்லை தருவது எது என்று கேளுங்கள். பெரும்பாலும் உறக்கமின்மையாக இருக்கும். ஆவடியிலிருந்து வந்த ஒரு தாய், “ராத்திரி முழுக்க முழிச்சிருக்கியே கண்ணா, தூக்கத்துக்காவது டாக்டரைப் பாத்துட்டு வருவமா?” என்று மட்டுமே கேட்டு வந்தார். நான்காம் மாதம் அவன் செருப்பை மாட்டினான். நான்கு மாதம் என்பது சிறிய காலமன்று. அதற்குள் அந்தத் தாய் இளைத்துப்போயிருந்தார்.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. தன்னையோ பிறரையோ தாக்க முனைந்தாலோ, உண்ணாமல் பருகாமல் உயிருக்கே கேடு நேருமென்றாலோ உடனே மருத்துவமனையை நாடுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 89-ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது: நோயாளியின் பிரதிநிதி விண்ணப்பிக்க, இரு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்து உடன்பட்டால், 30 நாள் வரை அனுமதித்துச் சிகிச்சை தரலாம். பிரதிநிதியாக எவரையும் அவன் எழுதி வைக்காதபோது உறவினர் அப்பொறுப்பை ஏற்கலாம். நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நோய் தணிந்து அவன் தெளிவோடு இருக்கும் நாள்கள் வரும். மீண்டும் நோயுற்றால் யாரை அழைக்க வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது கூடாது என்று அப்போது அவனிடமே கேட்டு எழுதி வையுங்கள். இதை முன்கூட்டிய விருப்ப ஆவணமாகப் பதிந்துவைக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. ‘என் சாப்பாட்டில் எதையும் கலக்கக் கூடாது’ என்று அவன் சொன்னால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.