கட்டையை அழுத்தினால் சத்தமே இல்லை... கம்ப்யூட்டர் சின்தசைசருக்கு என்ன ஆச்சு?

நாளை காலைக்குள் கல்லூரிக் குறும்படத்துக்குப் பின்னணி இசை தயாராக வேண்டும். இரவு பத்து மணிக்கு கம்ப்யூட்டரைத் திறந்தால், நேற்று வரை நன்றாக ஒலித்த சின்தசைசர் இன்று ஊமை. திரையில் குமிழ்கள் இருக்கின்றன, கட்டைகள் இருக்கின்றன, சத்தம் மட்டும் இல்லை. வீட்டில் இசை செய்யும் பிள்ளை இருந்தால், இப்படி ஓர் இரவு என்றாவது வந்தே தீரும். அதன்பிறகு நடப்பதும் ஏறக்குறைய ஒரே கதைதான். பிளக்-இன்னை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். சரியாகாது. விண்டோஸையே புதிதாகப் போடுவார்கள். அதற்கும் மசியாது. விடிந்ததும், ‘அப்பா, இந்த கம்ப்யூட்டர் தாங்காது... புதுசு வாங்கணும்’ என்று மனு வந்து நிற்கும்.

பெரும்பாலும் அந்தச் செலவு தேவையே இல்லை.

கம்ப்யூட்டருக்குள் சின்தசைசர் எப்படி என்று கேட்கும் பெரியவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1983-ல் யமஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டை வெளியிட்டது. 80-களின் பாப் பாடல்களில் மணி மணியாக ஒலிக்கும் அந்த எலெக்ட்ரிக் பியானோவைப் பலரும் கேட்டிருப்பார்கள். அதே கருவி வேலை செய்யும் விதத்தைக் கணக்காக எழுதி, ‘டெக்ஸெட்’ என்ற பெயரில் இலவச சாஃப்ட்வேராகக் கொடுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிளக்-இன்கள் பெரும்பாலும் ரீப்பர், கியூபேஸ் மாதிரியான ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் குடியிருந்துதான் வாசிக்கும். இந்தக் குடித்தனத்துக்கான பொது ஏற்பாடுதான் ‘விஎஸ்டி’. 1996-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்தது.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் முதலில் மோட்டாரைக் கழற்றுவதில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம். இங்கேயும் அதே கதைதான். கீபோர்டிலிருந்து யூஎஸ்பி வழியாக கம்ப்யூட்டருக்குப் போவது ஒலி அல்ல, வெறும் தகவல். ‘இந்தக் கட்டையை, இவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள்’ என்ற செய்தி. அதற்கு ‘மிடி’ என்று பெயர். பிளக்-இன் அந்தச் செய்தியைப் படித்து ஒலியை உருவாக்குகிறது. ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் அதை ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இந்த மூன்றில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. டெக்ஸெட், சர்ஜ் எக்ஸ்டி போன்ற பிளக்-இன்களின் திரையிலேயே ஒரு குட்டி கீபோர்டு இருக்கும். அதை மவுஸால் அழுத்த வேண்டும். ஒலி வந்தால், பிளக்-இன்னும் ஸ்பீக்கரும் நலம். செய்திதான் வந்து சேரவில்லை. ஒலி வராமல், டிராக்கில் ஒலி அளவு காட்டும் பச்சைக் கோடு மட்டும் ஏறி இறங்கினால், பிளக்-இன் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெளியே போகும் வழி அடைத்திருக்கிறது. கோடும் அசையவில்லை என்றால்தான் பிளக்-இன்னையே சந்தேகப்பட வேண்டும்.

செய்தி வராததற்கான காரணங்கள் சில நேரம் சிரிப்பை வரவழைக்கும். அலமாரியில் கிடந்த பழைய மொபைல் சார்ஜர் கேபிளை கீபோர்டில் மாட்டியிருப்பார்கள். அவற்றில் சில, மின்சாரம் மட்டுமே கடத்தும், தகவல் கடத்தாது. கீபோர்டில் விளக்கு எரிவதால் யாருக்கும் கேபிள் மேல் சந்தேகமே வராது. கேபிள் சரி என்றால், ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் செட்டிங்கில் அந்த கீபோர்டு ‘எனேபிள்’ ஆகியிருக்கிறதா என்று பார்க்கலாம். ரீப்பரில் டிராக்கின் சிவப்பு ரெக்கார்டு பட்டனையும், மானிட்டர் பட்டனையும் ஆன் செய்யாவிட்டால் எவ்வளவு தட்டினாலும் நேரடியாக ஒலி கேட்காது. இன்னொரு இசை சாஃப்ட்வேர் பின்னால் திறந்திருந்தால் அதை மூடுவது நல்லது. விண்டோஸில் பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டுமே கீபோர்டை விட்டுக்கொடுக்கும்.

வெளியே போகும் வழியில் அடைப்பு என்றால், ஆடியோ டிவைஸ் செட்டிங்கைத் திறக்க வேண்டும். முந்தின நாள் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்துப் படம் பார்த்திருப்பார்கள். இசை இன்னமும் அணைந்துபோன டிவிக்கே போய்க்கொண்டிருக்கும். புளூடூத் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. கட்டையை அழுத்திய பிறகு, காது உணரும் அளவு தாமதமாக ஒலி வரும். பிளக்-இன்னில் என்ன மாற்றினாலும் அது தீராது. வாசிக்கும்போது ஒயர் ஹெட்போன்தான் ஒரே வழி.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

ஒலி வருகிறது, ஆனால் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் படபடவென்கிறது. இதுதான் அதிகம் பேரைப் புது கம்ப்யூட்டர் வாங்க வைக்கும் கோளாறு.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். சின்ன வாளியில் சாம்பார் கொண்டுவந்தால் சட்டென்று இலைக்கு வந்துவிடும். ஆனால், சமையலறைக்கு அடிக்கடி ஓட வேண்டும். ஒருமுறை தாமதமானாலும் இலை காத்திருக்கும். பெரிய வாளி நிரம்ப நேரமாகும், ஆனால் இடையில் தட்டுப்பாடு வராது. கம்ப்யூட்டரில் இந்த வாளிக்குப் பெயர் ‘பஃபர்’. ஒரு நொடி ஒலி என்பது வழக்கமாக 44,100 துண்டுகள். பஃபரை 256 என்று வைத்தால், சுமார் 6 மில்லி நொடிக்குள் பிளக்-இன் தன் கணக்கை முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் ஒலியில் ஓர் ஓட்டை விழும். அந்த ஓட்டைகள்தான் காதில் கரகரப்பு. 1,024 என்று வைத்தால் சுமார் 23 மில்லி நொடி அவகாசம். ஆகவே ரெக்கார்டு செய்யும்போது சின்ன வாளி, வாசித்து முடித்து மிக்ஸ் செய்யும்போது பெரிய வாளி. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, பேட்டரி சேவரை அணைத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களின் எண்ணிக்கையை பிளக்-இன்னிலேயே குறைத்தாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு செய்தும் கரகரப்பு நிற்கவில்லை, இசை சாஃப்ட்வேரை மூடிய பிறகும் லேப்டாப் ஃபேன் அலறுகிறது என்றால், வீட்டில் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: ‘இந்த பிளக்-இன் எங்கிருந்து வந்தது?’

2019-ல் ‘ஈசெட்’ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ‘லவுட்மைனர்’ என்ற ஒரு திருட்டு வேலையை அம்பலப்படுத்தியது. காசு கொடுத்து வாங்க வேண்டிய இசை சாஃப்ட்வேர்களை ‘கிராக்’ செய்து ஒரே ஓர் இணையதளத்தில் 137 இலவசப் பதிப்புகளாக வைத்திருந்தார்கள். இறக்கியவர்களின் கம்ப்யூட்டரில் சின்தசைசரும் வந்தது, கூடவே கிரிப்டோகரன்சி தோண்டும் ரகசிய புரோகிராமும் வந்தது. இசை சாஃப்ட்வேரைக் குறிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இசை செய்பவர்களிடம் வேகமான கம்ப்யூட்டர் இருக்கும், புராசஸர் திணறினாலும் ‘பிளக்-இன் கனமானது போல’ என்று விட்டுவிடுவார்கள். ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்று ஒரு குறிப்பு இருந்தால், அதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அதே கம்ப்யூட்டரில்தான் அப்பா நெட் பேங்கிங் செய்கிறார், அக்காவின் சான்றிதழ்கள் இருக்கின்றன. சர்ஜ் எக்ஸ்டியும் டெக்ஸெட்டும் முழுக்கவே இலவசம்; ‘வைட்டல்’ சின்தசைசருக்கும் இலவசப் பதிப்பு உண்டு. இவை இருக்கும்போது திருட்டுச் சரக்குக்கு அவசியமே இல்லை.

பட்டியலிலேயே காணோம்!

இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் சாஃப்ட்வேரில் பிளக்-இன் பெயரே தெரியவில்லை என்றால், 32 பிட், 64 பிட் குழப்பமா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய விஎஸ்டி2 வகையா என்பது அடுத்த கேள்வி. தன் சாஃப்ட்வேர்களில் விஎஸ்டி2-க்கான ஆதரவை 24 மாதங்களுக்குள் நிறுத்தப்போவதாக ஸ்டைன்பெர்க் 2022 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. மூன்றாவது காரணம் பலருக்கும் தெரிவதில்லை. ஒரு பிளக்-இன் ஒருமுறை சோதனையில் தோற்றால், பல சாஃப்ட்வேர்கள் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடும். பிளக்-இன்னை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அந்தப் பட்டியல் அப்படியே இருக்கும். செட்டிங்கில் ‘ரீ-ஸ்கேன்’ கொடுத்தால்தான் விடுதலை. ரீப்பரில் ‘கிளியர் கேஷ்’ என்பதையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

வாசித்து முடித்த பகுதியை அன்றைக்கே ஆடியோ ஃபைலாக மாற்றிச் சேமித்துவிட்டால், நாளை பிளக்-இன் திறக்காவிட்டாலும் பாட்டு கையில் இருக்கும்.

எதிர்த் திசையிலும் ஒரு தொல்லை உண்டு. கையை எடுத்த பிறகும் ஒரே ஸ்வரம் நாதஸ்வர ஒத்து மாதிரி விடாமல் ஊதிக்கொண்டே இருக்கும். ‘கையை எடுத்துவிட்டார்கள்’ என்ற செய்தி வழியில் தொலைந்துவிட்டது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தத் தேவையில்லை. பல ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்களில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. ‘எல்லா ஸ்வரமும் நில்’ என்று சொல்லும் அதற்கு வைத்திருக்கும் பெயர், ‘பேனிக்’.