லினக்ஸில் ஸோட்டேரோ: யார் கையில் சாவி?

ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பல மாணவர்களுக்கு மேற்கோள் பட்டியல் ஞாபகத்துக்கு வருகிறது. மூன்று வருடம் படித்த கட்டுரைகள் எல்லாம் வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு டவுன்லோட்ஸ் அடைவில் குவிந்து கிடக்கும். இதற்கென்றே மென்பொருள் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். லினக்ஸ் வைத்திருப்பவருக்கு அங்கே அடுத்த தலைவலி. என்ட்நோட்டுக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது.

மென்டலி லினக்ஸிலும் ஓடியது, பணமும் கேட்கவில்லை. அதனால் நிறைய பேர் அதில் சேர்ந்தார்கள். 2013-இல் எல்செவியர் அதை வாங்கியது. 2018-இல் வந்த பதிப்பு, பயனரின் கணினியில் இருக்கும் தரவுத்தளத்தையே மறையாக்கம் செய்து பூட்டியது. 2022 செப்டம்பரோடு பழைய டெஸ்க்டாப் மென்பொருளைப் புதிதாகத் தரவிறக்குவதும் நின்றது. பட்டியலை பிப்டெக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம் என்று சமாதானம் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அதற்கும் மென்டலியைத்தான் கேட்க வேண்டும். வருடக்கணக்கில் ஒருவர் சேர்த்த படிப்புக்குச் சாவி வேறொருவர் கையில் இருப்பது என்ன நியாயம்?

ஸோட்டேரோ இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை ஆட்கள் 2006-இல் பயர்பாக்ஸ் நீட்சியாக வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. என்ட்நோட்டின் பாணிக் கோப்புகளை இதுவும் படிக்கிறது என்று தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008-இல் வழக்கே போட்டது. 2009-இல் அது தள்ளுபடியானது.

நிறுவுவதில் ஒரு சின்ன முரண்டு உண்டு. ஸ்னாப், பிளாட்பேக் வடிவங்களில் ஒரு சொடுக்கில் கிடைப்பவை ஸோட்டேரோ குழு தருபவை அல்ல. தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் அந்த முறையில் லிப்ரே ஆபீஸோடு ஒட்டாமல் போவதும் உண்டு. அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள டார் கோப்பை எடுத்து விரிப்பதே மேல். அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரூட் அனுமதியோடு ஆப்ட் அடைவில் வைத்துவிட்டால் மென்பொருளால் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள முடியாது. தனியாள் கணினியென்றால் ஹோம் அடைவே போதும். உள்ளே 'செட் லாஞ்சர் ஐகான்' என்றொரு நிரல் இருக்கும். அதை ஒருமுறை ஓட்டிவிட்டு, டெஸ்க்டாப் கோப்புக்குப் பயனரின் அப்ளிகேஷன்ஸ் அடைவிலிருந்து இணைப்பு கொடுத்தால் மெனுவில் வந்துவிடும். பிறகு அடைவை வேறு இடத்துக்கு மாற்றினால் நிரலை மறுபடி ஓட்ட வேண்டும். உலாவிக்கான கனெக்டரையும் போட்டுவிட்டால், கட்டுரைப் பக்கத்தில் ஒரு சொடுக்கில் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் உள்ளே போய்விடும். மொத்தம் கால் மணி நேர வேலை. டெர்மினல் என்றாலே பயப்படுபவருக்கு அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

சேர்க்கும் மேற்கோள் விவரங்களெல்லாம் ஹோம் அடைவில் 'ஸோட்டேரோ' என்ற அடைவுக்குள் ஒரு எஸ்க்யூலைட் கோப்பில் இருக்கும். யாரும் திறந்து பார்க்கலாம். அந்த அடைவைத் தூக்கி டிராப்பாக்ஸில் வைப்பது மட்டும் கூடாது, தரவுத்தளம் கெட்டுவிடும். ஒத்திசைக்க ஸோட்டேரோவின் சொந்தக் கணக்கே இருக்கிறது, பிடிஎப்களுக்கு 300 எம்பி இலவசம். அது போதாதவர்கள் ஸோட்டேரோவை மூடிவிட்டு அடைவை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.