கடைமடையில் காய்ச்சலும் பாய்ச்சலும்

புவி வெப்பமாதல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நெல் வயலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் மீத்தேனில் ஏறக்குறைய 8 சதவீதம் நெல் வயல்களிலிருந்து வருகிறது என்பது உண்மைதான். ஆனால் காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு கொம்யூனில் சம்பா நடும் விவசாயியைப் பார்த்து விரல் நீட்டுவதற்கு முன், அதே மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வாஞ்சூருக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. 2009 முதல் அங்கே இயங்கும் காரைக்கால் துறைமுகத்தில் இறங்கும் முக்கியச் சரக்கு நிலக்கரி. 2020 கணக்குப்படி இந்தியா வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் முக்கால் பங்கு எரிசக்தித் துறையுடையது. வேளாண்மையின் பங்கு 14 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் மாடு, எருமைகளின் பங்குதான் பெரிது. நெல் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

நெல்லின் மீது பழி போடும் வேலை புதிதல்ல. இந்திய வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 380 லட்சம் டன் மீத்தேனைக் கக்குவதாக முன்பு அமெரிக்கக் கணக்கு ஒன்று சொன்னது. விஞ்ஞானி ஏ.பி. மித்ரா தலைமையில் 1991இல் நாடெங்கும் வயல்களில் இறங்கி அளந்து பார்த்தபோது கிடைத்ததோ சுமார் 40 லட்சம் டன். அதே ஆண்டில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்காக வெளியாகும் வாயுவையும் சொகுசுக்காக வெளியாகும் வாயுவையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றும் நேர்மையான பதில் வரவில்லை.

அதற்காகக் காவிரிப் படுகை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது. அடி முதலில் விழுவது இங்கேதான். 2022 நவம்பரில் பக்கத்திலிருக்கும் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், அறுவடைக்கு நின்ற கதிர்கள் பருவம் தப்பிய மழையில் சாய்ந்தன. எல்லா மழையையும் வெப்பமாதலின் தலையில் கட்டிவிட முடியாதுதான். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். உலகம் ஏற்கெனவே ஒரு டிகிரியைத் தாண்டிவிட்டது. கடல் மட்டமும் 1901க்கும் 2018க்கும் இடையில் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கடலோரத்துக்கு இதன் பொருள், வெள்ளம் வடிய நேரமாகும். உப்பு உள்ளே ஏறும்.

மீத்தேனைக் குறைப்பதில் ஒரு லாபம் உண்டு. கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இந்த வாயு, காற்றில் தங்குவது 12 ஆண்டுகள் போலத்தான். இன்று குறைத்தால் பலனை இந்தத் தலைமுறையே பார்த்துவிடும்.

நாளெல்லாம் நீர் கட்டிய வயலில் சேற்றை மிதித்தால் காலடியில் குமிழ் குமிழாகக் கிளம்பும். நீருக்கடியில் காற்றோட்டம் அற்றுப்போய், மட்கும் தாளையும் வேரையும் தின்னும் நுண்ணுயிர்கள் விடும் மீத்தேன் அதில் இருக்கிறது. குமிழாக வருவதைவிட, பயிரின் தண்டுக்குள் உள்ள காற்றுக்குழல் வழியாக வெளியேறுவதே அதிகம். மண்ணுக்குள் காற்றை விட்டால் அந்த உயிர்களின் கொட்டம் அடங்கும்.

அதற்கான வழி காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை வயலில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் போதும்; மண்ணுக்கடியில் நீர் எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்ட வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. விளைச்சல் குறையாமல் நீரில் 30 சதவீதம் வரையிலும், மீத்தேனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலும் குறைக்கலாம் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. ஒற்றை நாற்று நடவில் இறங்கியவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை: காய்ந்து நனையும் மண்ணில் யூரியாவை அள்ளி வீசினால், கரியமில வாயுவைவிட 270 மடங்கு வீரியமுள்ள நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். இலை வண்ண அட்டையைப் பார்த்து அளவாக இட வேண்டும்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் பரவவில்லை? விவசாயிக்குத் தெரியாததால் அல்ல. காரைக்காலுக்கு ஒதுக்கப்பட்ட காவிரி நீர் 7 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை உறுதிசெய்தது. மேட்டூரில் ஜூன் 12இல் நீர் திறந்தாலும், அது அத்தனை மதகுகளையும் தாண்டி வந்துசேரும் கடைமடை இது. அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர், வந்த நீரை வரப்பு கட்டித் தேக்குவாரா, வயலைக் காயப்போடுவாரா? களிமண் ஆழமாக வெடித்துவிட்டால் பிறகு பாய்ச்சும் நீரெல்லாம் வெடிப்புக்குள் போய்விடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வானம் நிறுத்தாமல் ஊற்றும்போது, வடிகாலில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டிருந்தால் எந்த வயலைக் காயவிடுவது?

ஆகவே இங்கே மீத்தேனைக் குறைக்கும் வேலை வயலுக்கு வெளியே, வாய்க்காலில்தான் தொடங்க வேண்டும். முறை வைத்து விடும் நீரின் தேதியை முன்கூட்டியே அறிவித்து, அதைத் தவறாமல் காப்பாற்றினால் குறுவையில் காய்ச்சலும் பாய்ச்சலும் தானாகப் பரவும். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் இப்போதே செய்யலாம். சம்பாவுக்கு வடிகால் தூர்வாருவதும், வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும் சிஆர் 1009 சப்-1 போன்ற ரகங்களின் விதையை வேளையோடு கொடுப்பதும் முக்கியம். அறுவடைக்கு முன்பே ஈரத்தில் விதைக்கும் உளுந்து, பயறு வழக்கத்தை விட்டுவிடாமல் காத்தால், அடுத்த போகத்துக்கு வாங்கும் யூரியாவும் குறையும்.

வயலில் குறைத்த மீத்தேனைக் கணக்கிட்டுக் கார்பன் வரவாக விற்றுத் தருகிறோம் என்று வரும் நிறுவனங்களிடம் ஒப்பந்தம் போடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கில் கோளாறு என்று சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை வெர்ரா என்ற சான்றளிப்பு அமைப்பு 2024இல் நிராகரித்தது. அளவீட்டில் நம்பகம் இல்லாவிட்டால் வரவும் இல்லை.

அளப்பதற்கு ஆளைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி அரசு நெடுங்காடு கொம்யூனில் ஒரு வாய்க்கால் பாசனப் பகுதியை எடுத்துக்கொண்டு, நீர்முறையை உறுதிசெய்து, மீத்தேனை அளக்கும் பொறுப்பை அந்தக் கல்லூரியிடம் ஒப்படைத்து, காயவிட்ட ஏக்கருக்கு ஊக்கத்தொகையும் விளைச்சல் குறைந்தால் ஈடும் தரட்டும். அடுத்த குறுவைக்கே இதைத் தொடங்கலாம். அதற்கு, மேட்டூர் திறக்கும் முன்பே வாய்க்கால்களும் வடிகால்களும் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும்.