பத்து லட்சமும் ஐந்தாயிரமும்

பாலாறு பொருந்தலாறு அணைத் தண்ணீரில் நாற்று நடும் பாலசமுத்திரத்துக் கூலித் தொழிலாளிகளுக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று கிடையாது. அவர்களுக்காகச் சங்கம் கட்டியவர்களுக்கோ பணிக்கொடையும் இல்லை; ஒரு சால்வையோடு விடைகொடுத்து விடுகிறோம்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்தை நெடுங்காலம் நடத்திய தோழர் ஆர்.நல்லகண்ணுவை இங்கே நினைக்கிறோம். நெல்லைச் சதி வழக்கில் ஏழாண்டு சிறை; பிடிபட்டபோது மீசையைச் சிகரெட்டால் பொசுக்கினார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் பொறுப்பிலிருந்து 2005-இல் விலகினார். பொறுப்பிலிருந்து இறங்கியதும் பலரும் திண்ணைக்குத் திரும்புவார்கள். அவர் நீதிமன்றப் படியேறினார். தாமிரபரணி மணல் கொள்ளைக்கு எதிராகத் தாமே வாதாடி, 2010-இல் தடை பெற்றார்.

80-ஆவது பிறந்தநாளில் கட்சி திரட்டித் தந்த ஒரு கோடி ரூபாயை அதே மேடையில் கட்சிக்கே திருப்பித் தந்தார். 2022-இல் 'தகைசால் தமிழர்' விருதுக்கான பத்து லட்சத்தோடு தம் கைப்பணம் ஐந்தாயிரம் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். எம்மை அதிகம் உலுக்குவது அந்த ஐந்தாயிரம்தான்.

உங்கள் ஊரில் சங்கப் பொறுப்பிலிருந்து இறங்கும் மூத்தவர் ஒருவர் இருப்பார். சால்வையோடு நிறுத்தாதீர்கள். அவர் எழுதிய மனுக்களையும் பேச்சுவார்த்தைக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அவர் பேசட்டும், இளையவர் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.