எந்தப் பெண்ணின் விடுதலை?

மார்ச்சு 8 நெருங்கினால் நம் பங்குகளில் மகளிர் தின விழா களைகட்டுகின்றது. கோலப் போட்டியும் பட்டிமன்றமும் நடைபெறுகின்றன. பெண்கள் அனைவரும் ஓரினம், அவர்களது துயரமும் ஒன்றே என்று சிறப்புப் பேச்சாளர் முழங்க, கைதட்டல் எழுகின்றது. எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து விடியலிலேயே ஆலை வண்டியேறிச் செல்லும் பெண்கள் அம்மேடையில் இல்லை. பெரும்பாலும் பார்வையாளர் வரிசையிலும் இல்லை. வேலை நாளில் விழாவுக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

பெண்களின் துயரம் ஒன்றே என்னும் கூற்று கேட்பதற்கு இனிது. ஆனால், அது உண்மையன்று என்பதே நம் வாதம். ஆணாதிக்கம் தனித்து வருவதில்லை. சாதியோடும் வர்க்கத்தோடும் கைகோத்தே வருகின்றது. வசதி படைத்த குடும்பத்துப் பெண்ணுக்கு வேலைக்குச் செல்லும் உரிமையே விடுதலையாகத் தோன்றலாம். தலைமுறை தலைமுறையாகக் காட்டிலும் களத்திலும் உழைத்துத் தேய்ந்த தலித் பெண்ணுக்கோ வேலை ஒருநாளும் மறுக்கப்பட்டதில்லை. ஓய்வும் மதிப்பும் நியாயமான கூலியுமே அவளுக்கு மறுக்கப்பட்டன. முன்னவளின் கோரிக்கையை மட்டும் பெண்ணியம் என்று அழைத்தால், பின்னவள் பெண் என்னும் கணக்கிலேயே வராமற் போவாள்.

2023 அக்டோபர் 17 அன்று, எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் நேர்ந்த வெடிவிபத்துகளில் 14 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அதற்கு முன்னர் 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் பேசப்படுபவை அவையே: உரிமம் ஒருவர் பெயரில், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், மருந்து கையாள்வதில் அவசரம். துண்டுக்கூலி கையை விரட்டுகின்றது. முன்பணம் காலைக் கட்டுகின்றது. பட்டாசு அறைகளில் எல்லாச் சாதி ஏழைகளும் உழைக்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும் வானம் பார்த்த இந்தப் பூமியில் ஒரு காணி நிலமும் இல்லாதவளுக்கு அந்த வாயிலே பிழைப்பின் வாயில். அவளை அங்கே அனுப்பியது எது? அவள் பெண் என்பது மட்டுமா?

பெண்ணியம் மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் போராடிய நாடார் பெண்களை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றனர். 1859இல் மன்னரின் ஆணை வந்தது. அவர்கள் கேட்டது பெண்ணுரிமையா, சாதி விடுதலையா? அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

சாதியைப் பேசினால் பெண்களிடையே பிளவு வரும் என்பது மற்றொரு மறுப்பு. தொடக்கநூலைத் திறந்து பாருங்கள். மகப்பேறின்மையால் இழிவுற்ற சாரா ஆணாதிக்கச் சமூகத்தின் பலியே. ஆயினும் எகிப்திய அடிமைப் பெண்ணான ஆகாரைக் கொடுமைப்படுத்தியவளும், பின்னர் அவளைப் பிள்ளையோடு வெளியேற்றச் செய்தவளும் அதே சாராதான். பிளவு அந்த வீட்டில் முன்னரே இருந்தது. அதை எடுத்துச் சொல்பவர் உண்டாக்குவதன்று. அந்த ஆகாருக்கே இறைவன் பாலையில் தோன்றினார். தன்னைக் காண்கின்ற கடவுள் என்று அவருக்குப் பெயரிட்டவளும் அவளே. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தங்கள் வரலாற்றை ஆகாரில் கண்டனர் என்பதை இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. இதே மாவட்டத்தில், வத்திராயிருப்பை அடுத்த மற்றொரு புதுப்பட்டியில் பிறந்த பாமா, கத்தோலிக்க தலித் பெண்; துறவற மடம் புகுந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறியவர். அவருடைய 'கருக்கு' 1992இலும் 'சங்கதி' 1994இலும் வெளிவந்தன. வயலிலும் வீட்டிலும் தலித் பெண் சுமக்கும் இரட்டைச் சுமையும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் சிறுமியும் 'சங்கதி'யில் உண்டு. உலகப் பல்கலைக்கழகங்கள் அந்நூல்களை மொழிபெயர்ப்பில் பாடமாக வைத்தன. நம் பங்கு நூலகங்களில் எத்தனை அவற்றை வாங்கி வைத்திருக்கின்றன?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2010இல் பாலினக் கொள்கையையும் 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையையும் வெளியிட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் ஒன்றைப் பெண்கள் பணிக்குழுவும் மற்றதைத் தலித் பணிக்குழுவும் தனித்தனி அறைகளில் வாசித்துக்கொண்டிருந்தால், தலித் பெண் இரண்டு அறைகளுக்கும் இடைப்பட்ட தாழ்வாரத்திலேயே நிற்பாள்.

சுவர்களைத் தாண்டினால் மாற்றம் வரும் என்பதற்குச் சான்று உண்டு. 1911 மார்ச்சு 25, இறை அறிவிப்புப் பெருவிழா நாளன்று, நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலைத் தீயில் 146 பேர் மாண்டனர். அவர்களுள் 123 பேர் பெண்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகள். கதவொன்று பூட்டியிருந்தது. அதற்கு முன்னரே, 1909ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில், செல்வச் சீமாட்டிகள் சிலர் ஏழைத் தொழிலாளிப் பெண்களுக்குத் துணைநின்று பிணைத்தொகையும் கட்டியிருந்தனர். தீவிபத்துக்குப் பின் தொழிற்சங்கப் பெண்களும் சீர்திருத்தவாதிகளும் சேர்ந்து வற்புறுத்தியதால் ஆலைப் பாதுகாப்புச் சட்டங்கள் பிறந்தன. அந்தத் தீயை நேரில் கண்ட பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் 1933இல் அந்நாட்டின் தொழிலாளர் துறைக்குத் தலைமையேற்றார். பரிவு சட்டமானது அவ்வாறே.

யூதர் கிரேக்கர், அடிமை குடிமகன், ஆண் பெண் என்னும் மூன்று பிரிவினைகளையும் தூய பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் (3:28) ஒரே வசனத்தில் வைத்தே தகர்க்கின்றார். இனம், வர்க்கம், பால் ஆகிய மூன்றுள் ஒன்றைத் தொட்டு மற்ற இரண்டை விட்டுவிட அந்த வசனம் நமக்கு இடந்தரவில்லை.

ஆகவே நாம் கேட்பவை சில. மகளிர் விழா ஆலை விடுமுறை நாளில் நடைபெறட்டும். திரி செருகும் பெண்ணே தலைமையேற்கட்டும். அன்பியக் கூட்டங்களில் கூலி, முன்பணம், உள்குத்தகை ஆகியவை பேசுபொருளாகட்டும். ஆலை நடத்தும் கிறிஸ்தவர் எவரேனும் இருப்பின், காணிக்கைத் தட்டில் இடுமுன் தம் அறையில் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர் என்று எண்ணிப் பார்க்கட்டும். பங்குப் பேரவையில் தலித் பெண்ணுக்கு நாற்காலி மட்டும் போதாது. அவள் சொல் தீர்மான ஏட்டில் ஏறவேண்டும். இவை நடவாதவரை, நம் மேடைகளில் முழங்கும் பெண் விடுதலை சாராவின் வீட்டு விடுதலையே. ஆகார் இன்னும் வெளியேதான் நிற்கின்றாள்.