அடுத்த வீடும் அயல்நாடே

எமது கல்லூரி அமைந்த இரத்மலானைக்கும் கடல் கடந்த பயணத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்தே எழுந்து, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. அதற்கு முன்னரே, 1914 தொடக்கம், கோட்டையிற் புகைவண்டி ஏறியவர்கள் தலைமன்னாரிற் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மீண்டும் புகைவண்டி ஏறிச் சென்னை சேர்ந்தனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பெரிய விமானங்களும் கட்டுநாயக்காவுக்கு மாறின. வழிகள் மாறினவேயன்றி, நம்மவர் செல்லுமிடம் மாறவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு குடும்பம் யாத்திரை என்று பேசத் தொடங்கினால், சிதம்பரமும் மதுரையுமே முதலில் நினைவுக்கு வருகின்றன.

ஆயினும் நம்மிற் பலர் இந்தியாவை அயல்நாடென்று எண்ணுவதில்லை. இலண்டனுக்குச் செல்பவர் மூன்று மாதம் முன்னதாக ஆயத்தஞ் செய்கின்றார். சென்னைக்குச் செல்பவரோ ஒரு வாரத்துக்கு முன் பெட்டியைத் தேடுகின்றார். மொழி ஒன்று, கோவில் ஒன்று, உணவும் ஏறக்குறைய ஒன்று. விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகின்றது. கடிகார முள்ளைத் திருப்பவேண்டிய தேவையுமில்லை. இந்த ஒற்றுமைகளே நம்மை ஏமாற்றுகின்றன. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் பின்னர் அது நமக்குச் சட்டப்படி வேற்றுநாடே. உறவு நெருங்கியதாயினும் வாயிலிற் காவலர் நிற்கின்றார் என்பதை மறத்தல் தகாது.

இதனை நான் பிறரைப் பார்த்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரைச் சிதம்பர தரிசனத்துக்கு அழைத்துச் சென்றேன். அவருடைய நீரிழிவு மாத்திரைகள் யாவற்றையும் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அப்பெட்டி அன்றிரவு எம்மோடு வந்து சேரவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் கொழும்பில் நாம் வழங்கும் பெயரைச் சொன்னேன். "அப்படியொரு மாத்திரை இங்கே இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் என்ன?" என்று அவர் பணிவாகவே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வைத்தியர் எழுதித் தந்த சீட்டோ வெள்ளவத்தையில் மேசை மேலே கிடந்தது. வீட்டிலிருந்த மருமகள் வெற்று மருந்துறையைத் தேடியெடுத்துத் தொலைபேசியில் வாசித்துச் சொல்லும்வரை, தாயார் ஒரு நாற்காலியில் அமர்ந்து என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். பிழை என்னுடையதே. அன்றுதான் ஆயத்தம் என்பது பெட்டி கட்டுதல் அன்று என்பதை உணர்ந்தேன்.

பின்வருவன அதன் பின் நான் கைக்கொண்ட ஒழுங்குகள். முதலாவது, பத்திரங்கள். கடவுச்சீட்டு, சென்று இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும்; இரண்டு பக்கங்களேனும் வெறுமையாக இருத்தல் வேண்டும். மின்விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக, அரசாங்கத்தின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பித்தல் வேண்டும். அதனைப் போலவே தோன்றும் போலித் தளங்களும் உள. தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதும் நம்மவர், கடவுச்சீட்டிலும் விசாவிலும் பயணச்சீட்டிலும் பெயர் ஒன்றாகவே உள்ளதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தல் நன்று. தங்குமிடத்தார் அயல்நாட்டு விருந்தினரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆதலாற் பிரதிகள் பலவற்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பணம். முந்திய பயணத்தில் மிஞ்சிய இந்திய நோட்டுகளை அடுத்த முறைக்கென்று அலுமாரியிற் சேமித்து வைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1,000 ரூபா நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டபோது, அச்சேமிப்புக்கள் வெறுங் காகிதமாயின. 2023 மே மாதத்தில் 2,000 ரூபா நோட்டும் புழக்கத்திலிருந்து மீட்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே இளநீர்க் கடையிலும் கைத்தொலைபேசி மூலமே பணங் கொடுக்கின்றனர். அவ்வசதி இல்லாத நாம் சிறு நோட்டுகளை மாற்றி வைத்திருத்தல் அவசியம்.

மூன்றாவது, உடல்நலம். மருந்து கைப்பையில் இருக்கட்டும். சீட்டில் மருந்தின் பொதுப் பெயர் எழுதப்பட்டிருக்கட்டும். இங்கே பனடோல் என்று நாம் கேட்பதை அங்கே பரசிற்றமோல் என்று கேட்டாற் கிடைக்கும். நோயாளர் வண்டிக்கு நாம் இங்கே 1990 என்று அழைக்கின்றோம்; தமிழ்நாட்டில் அது 108. பயணக் காப்புறுதி வீண்செலவு என்பவர், முதியவர் ஒருவரை அந்நிய ஊர் வைத்தியசாலையில் ஓரிரவு வைத்திருந்து பார்க்கட்டும்.

நான்காவது, செல்லுமிடத்தின் வழக்கம். கோவில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடைசாத்தி மாலையிலேயே திறக்கும். மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் 2018 முதல் கைத்தொலைபேசி கொண்டுசெல்ல இயலாது. புகைவண்டி இருக்கைகளுக்குப் பொதுவாக 60 நாள் முன்னரே பதிவு தொடங்கிவிடும். நம் புதிய சதுரமுனைச் செருகி அங்குள்ள வட்டத் துளைகளிற் பொருந்தாது. இவை சிறியனவே, ஆயினும் நல்லதொரு நாளைக் கெடுக்க இவையே போதும்.

முகவர் இருக்கையில் இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பார் உளர். முகவர் பயணச்சீட்டு வாங்கித் தருவார், பொறுப்பை வாங்கிக்கொள்ளமாட்டார். இதனை இளைஞருக்கே சிறப்பாகக் கூற விழைகின்றேன். அண்மை ஆண்டுகளில் நல்ல வேலை என்ற சொல்லை நம்பிச் சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்குச் சென்ற இலங்கையர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டனர். சுற்றுலா விசா வேலைக்குரியதன்று என்னும் ஒரு வரியை ஐயமறப் படித்திருப்பின், அவர்களிற் சிலரேனும் தப்பியிருக்கலாம். ஆழம் அறியாமற் காலை விடாதே என்பது நம் பாட்டிமார் சொல்.

1983க்குப் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் ஆயத்தஞ் செய்ய அவகாசமின்றி நாட்டைக் கடந்தனர். அவர்களை எவரும் குறை கூறார். அது பயணமன்று, ஓட்டம். நாளும் இடமும் நாமே தெரிந்து புறப்படும் வாய்ப்புப் பெற்ற நமக்கோ அச்சாக்கு இல்லை.

ஆகவே எமது கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். உயர்வகுப்பு மாணவர்க்கு ஆண்டில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குக. கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பவும், விசாவின் நிபந்தனையை வாசிக்கவும், இடருற்றால் நம் நாட்டுத் தூதரகத்தை அணுகவும் அவர்கள் கற்கட்டும். உலகெங்கும் பரந்துள்ள பழைய மாணவர், விடுமுறைக்கு வரும்போது அவ்வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாம். செலவு சிறிது, பயன் பெரிது. பெட்டி கட்ட எவருங் கற்பிக்க வேண்டியதில்லை. புறப்படக் கற்பித்தல் வேண்டும்.