“நம்ம ஆளுகளா?” என்ற கேள்விக்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

போன மாதம் தாயில்பட்டி காலனியில் வெள்ளைத் துணி கட்டி ஒரு படம் போட்டோம். நந்திதா தாஸ் இயக்கிய ‘ஃபிராக்’. இந்திப் படம் என்பதால் இடையிடையே நிறுத்தி நாங்களே கதை சொன்னோம். இயக்குநரின் போட்டோவைக் காட்டியதும் பயர் ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், “இது ‘அழகி’ படத்துல தனலட்சுமியா வந்த பிள்ளைல்ல?” என்றார். ஆமாம் என்றோம். உடனே அடுத்த கேள்வி வந்தது: “நம்ம ஆளுகளா?”

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவருக்குக் கூச்சமாகிவிட்டது. “கலையில போய் சாதி பார்க்கலாமாக்கா?” என்றார்.

தோழர்களே, அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. அதைக் கேட்கக் கூச்சப்படுவதுதான் நம் கோளாறு. பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுவோம். இல்லை, நந்திதா நம்மில் ஒருவர் அல்ல. டெல்லியில் வளர்ந்தவர், ஓவியர் ஜதின் தாஸின் மகள்.

இதைக் கேட்டதும் நம் ஆட்கள் இரண்டாகப் பிரிவார்கள். “மேல்தட்டு, நமக்கெதற்கு?” என்று தள்ளுவது ஒரு கூட்டம். “முற்போக்காளர், குறை சொல்லாதே” என்று வாயடைப்பது இன்னொரு கூட்டம். இரண்டுமே யோசிக்காமல் இருப்பதற்கான வழிகள். நாங்கள் இரண்டிலும் சேரவில்லை.

அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. சமூகப் பணியில் முதுகலை படித்தவர். சஃப்தர் ஹஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் வீதி நாடகக் குழுவில் நடிக்கத் தொடங்கியவர். 2000இல் ‘பவண்டர்’ படத்தில் பன்வாரி தேவியின் கதையை நடித்தார். பன்வாரி தேவி ராஜஸ்தானில் குயவர் சமூகத்தில் பிறந்த பெண். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம் சாட்டப்பட்டவர்களை 1995இல் விசாரணை நீதிமன்றம் வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டான் என்பதும் அங்கே ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அநீதியிலிருந்து எழுந்த வழக்குதான் 1997இன் விசாகா தீர்ப்பு. அதன் வழியாக வந்ததுதான் 2013ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது அது. நம் ஊர் ஆலைகளில் அந்தக் குழு எங்கே என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

2008இல் அவர் கேமராவுக்குப் பின்னால் போனார். ‘ஃபிராக்’ 2002 குஜராத் வன்முறை பற்றிய படம். ஆனால் அந்த வன்முறை நடக்கும் நாட்களை அவர் கதையாக்கவில்லை. எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரே நாளில் நடக்கும் கதை அது. பயம் எப்படி வீட்டுக்குள் குடியிருக்கிறது, குற்ற உணர்ச்சி எப்படி அடுப்படியில் கையைச் சுடுகிறது என்று காட்டுகிறது.

தாயில்பட்டிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? 2012இல் முதலிப்பட்டி, 2021இல் அச்சங்குளம் என்று வெடிவிபத்து நடந்த அன்றெல்லாம் கேமராக்கள் வரிசை கட்டி வந்தன. புகை, கருகிய உடல், அழும் தாய், நிவாரண அறிவிப்பு. சாயங்காலம் வண்டி கிளம்பிவிடும். ஒரு மாதம் கழித்து என்ன நடக்கிறது? தீக்காயத்தோடு வீடு திரும்பியவருக்கு யார் மருந்து போடுகிறார்கள்? வாங்கிய முன்பணத்தை யார் அடைக்கிறார்கள்? லைசென்ஸ் ஒருவர் பேரில், உள்குத்தகை இன்னொருவர் பேரில் என்றால் வழக்கு யார் மேல்? அந்த ஒரு மாதத்தைப் படமாக்க யாரும் வருவதில்லை.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம்.

நந்திதா ‘அழகி’யில் ஏழைக் கிராமத்துப் பெண்ணானார். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ஈழத் தாயானார். ‘பவண்டர்’ படத்தில் ஒடுக்கப்பட்ட பெண்ணானார். யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. ஆனால் முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ கதாநாயகி பி.கே.ரோஸியை நினைத்துப் பாருங்கள். புலையர் சமூகத்தில் பிறந்த அவர் திரையில் நாயர் பெண்ணாக வந்தார். ஆதிக்க சாதியினர் கல்லெறிந்தார்கள். ஊரைவிட்டே விரட்டினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஓடிவந்து மறைந்து வாழ்ந்தார். அதன்பின் அவர் நடிக்கவே இல்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவராக நடித்தால் கலை, கீழே இருப்பவர் மேலே இருப்பவராக நடித்தால் கலவரம். ரோஸி நடிகையாகவே நீடிக்க முடியவில்லை. பிறகு எங்கே இயக்குநராவது?

நந்திதாவின் திறமையை நாங்கள் மறுக்கவில்லை. நடிகையாக இருந்து இயக்குநராவதற்கு நடுவே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அது எல்லார் வீட்டு வாசலிலும் இல்லை என்கிறோம்.

ஸ்பெயினிலும் நடிகையாகத் தொடங்கி இயக்குநரான ஒருவர் உண்டு, இசியார் போயாயின். 2010இல் அவர் எடுத்த படத்தின் பெயர் ‘மழையையும் கூட’ என்று பொருள்படும். கொலம்பஸின் கொடுமையைப் படமெடுக்க ஒரு குழு பொலிவியாவுக்குப் போகிறது. அங்கே பழங்குடி மக்களை நாளுக்கு இரண்டு டாலர் கூலிக்கு நடிக்க வைக்கிறது. ஆங்கிலம் புரியாது என்று நினைத்துத் தயாரிப்பாளர் அந்தக் கூலியைப் பற்றிப் போனில் பெருமையடிக்கிறார். பக்கத்தில் நிற்கும் பழங்குடி மனிதருக்கு அது நன்றாகவே புரிகிறது. சுரண்டலைப் பற்றிப் படம் எடுப்பவரும் சுரண்டலாம் என்று தன் துறையையே கூண்டில் ஏற்றினார் போயாயின். இந்த நேர்மையைத்தான் நம் முற்போக்கு சினிமாவிடமும் கேட்கிறோம். எங்களைப் பற்றிய படத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? கூட்டத்தில் நிற்பவர்களாகவா, கேமரா பிடிப்பவர்களாகவா?

1990இல் சலம் பென்னூர்கர் நம் தீப்பெட்டி, பட்டாசுக் குழந்தைகளைப் பற்றி ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் எடுத்தார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தலைமுறைக் குழந்தைகளின் பிள்ளைகள் இன்று சிவகாசியிலும் சாத்தூரிலும் கல்லூரியில் படிக்கிறார்கள். அடுத்த படத்துக்கு இன்னொரு வெளியூர்க்காரரை எதிர்பார்ப்பது நியாயமா?

சென்னை தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு சொல்லித் தருகிறார்கள். அரசுக் கல்லூரி என்பதால் இடஒதுக்கீடும் உண்டு. டீச்சர் டிரெய்னிங்குக்கும் நர்சிங்குக்கும் மட்டும் விண்ணப்பம் வாங்கித் தரும் நாம், அதற்கும் வாங்கித் தர வேண்டும். முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. அதுவரை கையில் போன் இருக்கிறது. அலுமினியத் தூள் படிந்த அம்மாவின் கையைப் படம் பிடிக்கும் முன் அம்மாவிடம் அனுமதி கேள். எடுத்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டு.

நந்திதா தாஸை நாம் பார்ப்போம், படிப்போம், பாராட்டுவோம். ஆனால் அடுத்த முறை அந்த வெள்ளைத் துணியில் ஓர் இயக்குநரின் முகம் வரும்போது, “நம்ம ஆளுகளா?” என்ற கேள்விக்கு “ஆமாக்கா, நம்ம தெருப் பிள்ள” என்று பதில் சொல்ல வேண்டும்.

ஜெய்பீம்.